பட்டியலின் நான்காவது பெயர்

அந்த வசந்தத்தில் எங்கள் கட்சியின் குரோருட் வட்டாரக் கிளை, நீதிமன்றத்துக்கு ஆறு பெயர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. நோர்வேயில், சட்டம் படித்த நீதிபதியோடு சாதாரணக் குடிமக்களும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். கட்சிகள் பெயர் கொடுக்கும்; நகரசபை உறுதிப்படுத்தும். பட்டியலைத் தயாரித்த மூவரில் நானும் ஒருத்தி. பகலில் எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

கிளைத் தலைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மன்னார்க்காரி. அகதியாக வந்த புதிதில் ஒரு படிவம் நிரப்பத் தெரியாமல் நின்ற எனக்குப் பக்கத்தில் இருந்து எழுதித் தந்தவர். கட்சிக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான்.

நான்காவது பெயர் ஒரு தமிழருடையது. ரொம்சோஸில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். கலியாணவீடு, செத்தவீடு எதுவென்றாலும் முதல் ஆளாக நிற்பார். எங்கள் ஆள் ஒருவர் நீதிமன்றத்தில் உட்காரப்போகிறார் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு கிழமை கழித்து, என் சிநேகிதியின் மகள் முதியோர் இல்ல வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அந்தச் சங்க அலுவலகத்தில் பகுதிநேர வேலை செய்தவள்.

“அன்ரி, அவரையோ நீதிமன்றத்துக்குப் போடப்போறீங்கள்?”

அவர் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அவள் இடுப்பில் கை போட்டதைச் சொன்னாள். அவர் அனுப்பிய செய்திகளைத் தொலைபேசியில் காட்டினாள். இரண்டுக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

“அம்மாவுக்குத் தெரியாது. என்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

அடுத்த நாளே அக்கா வீட்டுக்குப் போனேன். பெயர் சொல்லாமல்தான் தொடங்கினேன். “ஆர் எண்டு தெரியாமல் நான் என்னெண்டு அவரை நிப்பாட்டுறது?” என்றார் அக்கா. சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்து, “அது என்ரை பிள்ளை மாதிரி. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார்.

பட்டியலை முடிவுசெய்யும் கிளைக் கூட்டத்துக்குப் போனால், நான்காவது பெயர் அப்படியே இருந்தது. எழுந்து, அவர்மேல் முறைப்பாடு இருக்கிறது என்றேன். ஓய்வுபெற்ற நோர்வீஜிய ஆசிரியர் ஒருவர் என் பக்கம் நின்றார். பின்னொரு நாள் இது வெளியே வந்தால் கட்சியின் மானம் மட்டுமல்ல, அவர் இருந்து தீர்ப்புச் சொன்ன வழக்குகளும் சந்தேகத்துக்குள்ளாகும் என்றார். பெயரை எடுத்தால் அடுத்த வருடத் தேர்தலில் தமிழ்ச் சனத்தின் வாக்குப் போய்விடும் என்று அக்கா நோர்வீஜிய மொழியில் பதில் சொன்னார். பிறகு மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் என்னிடம் சொன்னார்:

“அவரோடை நான் கதைச்சிட்டன். வேலையாலை நிப்பாட்டின கோவத்திலை அந்தப் பிள்ளை கட்டிவிட்ட கதையாம்.”

அவளுடைய பெயரும் அவரிடம் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாக்கெடுப்பில் ஆசிரியரும் நானும் மட்டும் கை உயர்த்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவளுடைய தாயைப் பார்க்கப் போயிருக்கிறார். “பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தாராம். மாலையில் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நான் உங்களுக்கு மட்டும்தானே அன்ரி சொன்னனான்?”

அவள் படிப்பை நிறுத்திவிட்டு தூரத்து ஸ்தவாங்கர் நகரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நகரசபை அவரை உறுதிப்படுத்தியது. அடுத்த குளிர்காலத்தில் வேறொரு பெண் அவர்மேல் பொலிசில் முறையிட, அது பத்திரிகையில் வந்தது. சிநேகிதியின் மகளும் ஸ்தவாங்கரிலிருந்து வாக்குமூலம் கொடுத்தாள். அவருடைய பெயர் நீதிமன்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இது யாருக்கு முன்பே தெரியும் என்று கட்சி மேலிடம் கேட்டபோது, பட்டியல் குழுவிலிருந்து ஒரு முறைப்பாடும் தனக்கு வரவில்லை என்று அக்கா எழுதிக்கொடுத்தார். கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பட்டியல் ஏகமனதாக ஏற்கப்பட்டதாக இருந்தது.

நான் கட்சியை விட்டு விலகினேன். தமிழ்க் கடையொன்றில் அக்காவைக் கண்டபோது, “என்னோடை கோவமோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். அக்கா என்ற சொல் வாயில் வரவில்லை.

சிநேகிதியின் மகளுக்குக் கடிதம் எழுதினேன். பெயரைச் சொன்னது நான்தான், என்னை ஏமாற்றியவரை நம்பிச் சொன்னேன் என்று. இரண்டு கிழமைக்குப் பிறகு தொலைபேசியில் ஒரு வரி வந்தது: “தெரியும் அன்ரி. இப்ப உங்களோடை கதைக்க ஏலாது.”