ஏலப்பாறையில் இரவல் பம்பை

மெல்லிசைக் குழுவில் டோலக் வாசிப்பவனை, தோல் கிழிந்தால் ஒழிய யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டோலக்கோ தபேலாவோ எதையாவது தூக்கிக்கொண்டு மேடையேறத் துடிக்கும் தம்பி தங்கைகளே, எழுபதுகளில் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு இப்போதே கொஞ்சம் அதிர்ந்துகொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அப்பாவின் நிபந்தனை

எலப்புள்ளியில் எங்களுக்கு நெல்லும் நிலக்கடலையும்தான். கொட்டு அடித்துப் பிழைக்கிறேன் என்று நான் சொன்னபோது அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

பக்கத்து ஊர் ஆர்மோனியக்காரர் சுந்தரண்ணன், பாட்டும் அவர்தான், மலைமேல் இருக்கும் ஏலப்பாறை தேயிலை எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குப் போவதாக இருந்தது. அவருடைய டோலக்காரருக்கு மஞ்சள்காமாலை. அந்தப் புண்ணியத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பா சொன்னார்: "போய்ட்டு வா. அடுத்த வருசம் அவங்களாக் கூப்புட்டாங்கன்னா நாங் குறுக்க நிக்கமாட்டன். கூப்புடலீன்னா டோலக்க அட்டாலில போட்டுப்போட்டு ஏரப் புடிச்சுக்கோணும்." அட்டாலி என்றால் எங்கள் ஊரில் பரண்.

தோலுக்கும் குளிரும்

எங்கள் பக்கத்து வறண்ட காற்றுக்குத் தோல் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும். வெயில் காலத்தில் கயிற்றைத் தளர்த்தி வாசித்துத்தான் எனக்குப் பழக்கம். ஏலப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேகம் தரையில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஸ்வெட்டர் இருந்தது. டோலக்குக்கு ஒரு துண்டுகூடச் சுற்றவில்லை.

மேடையில் ஏறித் தட்டிப் பார்த்தேன். ஈரச் சாக்கைத் தட்டினால் வருகிற சத்தம். திக்கென்றது. வளையங்களை எல்லாம் இழுத்து ஏற்றினேன். இனி இழுக்கக் கயிறு இல்லை, சத்தம் மட்டும் அப்படியே. மலைக்குப் போகிறவர்கள் வாத்தியத்தைக் கம்பளியில் சுற்றி, ஒரு பொழுதாவது முன்னால் போய், அந்த ஊர்க் காற்றுக்கு அதைப் பழக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. கோயில் கமிட்டித் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். தேயிலை பாக்டரியில் டிரையர் ஓட்டுகிறவர். டோலக்கை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னய்யா இது, பச்சைக் கொழுந்து மாதிரி இருக்கு. குடுங்க, காயப் போட்டுத் தாரேன்."

டிரையர்

தேயிலை காய்கிற அந்த அனல் மெஷினுக்குப் பக்கத்தில் டோலக்கை வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். வந்து தட்டினால், ஆஹா! கோயில் மணி தோற்றது. அண்ணாச்சியின் காலில் விழாத குறை.

வெளியே பனி, டோலக்குக்குள் அனல். முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் இரண்டும் சண்டை போட்டுவிட்டன. "படார்" என்று வலது பக்கத் தோல் நடுவில் பிளந்து சுருண்டது. முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டார்கள். என் கைகள் காற்றிலேயே நின்றுவிட்டன. கண்முன்னால் அட்டாலிதான் தெரிந்தது. வாத்தியத்தை அனலில் காட்டவே கூடாது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பயன்? சுந்தரண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்தாமல், சிரித்த முகம் மாறாமல், பல்லுக்கிடையில் சொன்னார்: "ஏங் கண்ணு, எல்லாரும் வேட்டு கோயிலுக்கு வெளீல போடுவாங்க. நீ மேடைலயே போட்டுட்டியே!"

இரவல் பம்பை

கச்சேரியை நிறுத்திவிட்டால் அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள்? அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். அவர் அம்மன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று ஏதோ முணுமுணுத்தார். உத்தரவு கிடைத்ததோ என்னவோ, கோயிலின் இரட்டைக் கொட்டான பம்பையை எடுத்துவந்து கொடுத்தார். என்னைக் கால் கழுவச் சொன்னார். கழுவினேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. இரவல் வாத்தியம் வாங்கினால் அது இதுவரை எந்தக் காரியத்துக்கு முழங்கியது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மறக்கவே மறக்காதீர்கள்.

சுந்தரண்ணன் ஒரு வேகமான கிராமியப் பாட்டை எடுத்தார். பம்பைக்கு அந்த அடி தானாக வந்தது. நானும் குஷியாக அடித்தேன். முன்னால் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் அவர் நிழலைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுவார்களாம். அவருடைய முழங்கால் ஆடியது. தாளம் போடுகிறார் என்று மகிழ்ந்துபோனேன். அடுத்த நொடி நாற்காலி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். மனிதர் "ஏய்ய்ய்" என்று நாக்கைத் துருத்திக்கொண்டு எகிறிக் குதித்தார். அடியை விட்டுவிட்டேன். அவர் குதித்த கோலத்திலேயே விறைத்து நின்றார். கண்ணில் வெள்ளை மட்டும். பெண்கள் "ஆத்தா, ஆத்தா" என்று அலறினார்கள். அண்ணாச்சி மேடைக்குத் தாவி ஏறி என் கையைப் பிடித்துப் பம்பைமேல் வைத்தார்: "நிப்பாட்டிராதீகய்யா! ஏத்திவிட்டவுகதான் எறக்கணும்!"

இறக்கம்

எப்படி இறக்குவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டு முடிந்தால் தீர்மானம் என்கிற முடிவு அடியை வைத்து நிறுத்துவது. அண்ணாச்சி தலையசைக்க அசைக்க அடித்தேன். அதற்குள் பெண்கள் வேப்பிலையோடு சுற்றி வளைத்துக் குறி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேச்சியம்மாள் என்கிற கொழுந்துக்காரி முன்னால் வந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "ஆத்தா, எங்க லயத்து வீட்டுல மழ பேஞ்சா வெளிய விட உள்ளதான் ரொம்பப் பெய்யுது. ஓடு மாத்தித் தரமாட்டேங்கான் இந்த சூப்பர்வைசர்."

சூப்பர்வைசரின் உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. "எம் புள்ளைக நனையுதா? இந்த மழைக்கு முன்னால மாத்திப்புடுவேன்!" குலவைச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. அண்ணாச்சி இப்போதுதான் கையைக் கீழே காட்டினார். அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தேன். திருநீறு பூசினார்கள். சூப்பர்வைசர் கண்ணைத் திறந்து, தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, இன்னும் கச்சேரிய ஆரம்பிக்கலையா?"

அழைப்பு

ஊர் திரும்பி, டோலக்கை நானே அட்டாலியில் ஏற்றிவிட்டேன். வருடம் முழுக்க ஏரைப் பிடித்தேன். அந்தக் கண்வெள்ளை கனவில் வந்து என்னை உலுக்கி எழுப்பும்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள், வரப்பில் சுடலைமுத்து அண்ணாச்சி நின்றார். மண்வெட்டி என் காலில் விழாமல் தப்பியது. அப்பாவுக்கு வணக்கம் வைத்து, விஷயத்தை உடைத்தார்: "குழு வரலேன்னாலும் பரவால்லய்யா, உங்க பையன் வந்தாப் போதும். ஓடு மாத்தியாச்சு. இந்த வருசம் தண்ணிக் குழா கேக்கணும்."

அப்பா என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பாதி உழுத வயலைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "கூப்புட்டாப் போன்னுதான் சொன்னன். எதுக்குக் கூப்புடுவாங்கன்னு கேக்காமச் சொல்லிப்போட்டனே, சாமி!"

மேடைக் கனவோடு இருப்பவர்களே, அந்த மலையில் வருடம் தவறாமல் அடித்ததில் அவர்களுக்குக் குழாய் வந்தது, கக்கூஸ் வந்தது, டிஸ்பென்சரிகூட வந்தது, என் வாசிப்பு எப்படி இருந்தது என்கிற கேள்விக்கு ஒரு பதில் மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை.