தவலைக்குள் இருந்த பெயர்

விழுப்புரம் பஜாரில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டும் அம்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம். சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள், "பாத்து வெட்டும்மா, நசுங்கிடப் போவுது" என்றால் போதும், "அப்ப நீயே வெட்டிக்க" என்று உளியை நீட்டிவிடுவாள். வேலை சுத்தம் என்பதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே வயிற்றெரிச்சலில்தான். கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில், பிள்ளை இல்லை என்று உறவைத் தீர்த்துவிட்டுத் துரத்தினார்கள். அம்மா பெயர் வெட்டி வாங்கிக் கொடுத்த பித்தளைத் தவலையையாவது தரச்சொல்லிக் கேட்டாள். "உன் பாத்திரம் எதுவும் இங்க இல்ல. பேரு இருந்தா காட்டு" என்று மாமியார் வெள்ளையம்மாள் பஞ்சாயத்தில் அடித்துப் பேசினாள். எங்கே காட்டுவது? வாசல்படியே ஏறவிடவில்லையே!

போன தை மாதம் அதே வெள்ளையம்மாள் கடைக்கு வந்தாள். கூடவே, மகனுக்கு இரண்டாந்தாரமாக நிச்சயம் பண்ணிய கலைப்பிரியா. பெயர் வெட்டுகிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வெள்ளையம்மாள் பையிலிருந்து ஒரு தவலையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கலைப்பிரியான்னு ஜல்தியா வெட்டிக் குடும்மா. பஸ்ஸுக்குப் போவணும்."

வெளிப்பக்கம் பளபளவென்று மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த புத்திசாலிகள் வெளியே மட்டும் தேய்த்திருந்தார்கள். உளி குத்திய குழி ஒவ்வொன்றும் உள்ளே புடைத்து நிற்குமே, அது உறைக்கவில்லை. அம்மணி உள்ளே கையை விட்டாள். அவள் பெயர் முழுசாக விரலில் தட்டுப்பட்டது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"இந்தா பொண்ணு, உள்ள தடவிப் பாரு."

கலைப்பிரியா எட்டிப் பார்த்துக்கொண்டே, இடம் வலம் மாறிக் கிடந்த எழுத்துகளைத் தடவிக் கூட்டினாள்.

"அம்மணின்னு இருக்கு. யாரு அது?"

"நான்தான்."

வெள்ளையம்மாள் அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி, நீயா! குடுடி தவலைய" என்று பாய்ந்தாள்.

அம்மணி தவலையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். "பேரு இருந்தா காட்டுன்னியே, காட்டிட்டேன். இனிமே இது மேல கைய வெச்சிப் பாரு, உளி என் கையிலதான் இருக்கு."

கடையில் கூட்டம் கூடிவிட்டது. கலைப்பிரியா விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு வீட்டுல எடுத்து வெச்சிருக்கீங்களே மத்த பாத்திரம், அதுலல்லாம் யாரு பேருங்க இருந்துச்சி?" என்று வெள்ளையம்மாளைக் கேட்டாள்.