கோரை வரைக்கும் ஏரி

ஏரி அளக்கற வேலைக்குப் போயிட்டா, ஊருல நாய்கூட நம்மள வில்லங்கம் புடிச்சவனாத்தான் பாக்கும். கழுத்துல கார்டு மாட்டிக்கினு வெயில்ல அலையற கூட்டாளிங்களே, உங்களுக்குச் சொன்னாதான் இது புரியும்.

நாட்டுல எங்க ஏரி, எங்க பாறை, எதுல எந்த உயிர் வாழுது, தண்ணி எந்த லட்சணத்துல இருக்குதுன்னு மேப்பு போடறாங்க. செஞ்சி சுத்துப்பட்டுக்கு சுதா மேடம் வந்தாங்க. அஞ்சாங்கிளாஸைத் தாண்டாத நானு அவங்களுக்குக் காலு. அதாவது ஒரு மிஷினைக் கையில குடுத்துடுவாங்க. ஏரி ஓரமா நான் நடந்தா, நடந்த தடமே மேப்புல கோடா விழும். கோரைப்புல்லு எதுவரைக்கும் மொளைச்சிருக்குதோ, அதுவரைக்கும் ஏரி. அவ்ளோதான் சட்டம்.

இதுல எனக்கு ஒரே ஒரு வயித்துவலி. கடைசியா அளக்க வேண்டியது எங்க ஏரி. அதும் ஓரத்துலதான் நானும் என் பொண்டாட்டி செல்வியும் வீடு கட்டியிருக்கறோம். கோட்டுக்கு உள்ள மாட்டுனா என்னைக்கு ஜேசிபி வந்து நிக்குமோ!

வால் மொளைச்ச ஏரி

அனந்தபுரம் பக்கத்துல ஒரு ஏரி. பாதி சுத்தனதும் நாக்கு வறண்டுபோய் டீக்கடைக்குப் போனேன். மிஷினை ஆஃப் பண்ண மறந்துட்டேன். சாயங்காலம் மேடம் கம்ப்யூட்டரைத் தொறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏரி ரோட்டைத் தாண்டி, கோயிலைச் சுத்தி, கடைத்தெருவுக்கே போயிருக்குது! இப்டியே உட்டா டீக்கடைக்காரருக்குப் படகு வாங்கிக் குடுக்கணும். மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டுச் சொன்னாங்க:

"அண்ணே, உங்க ஏரிக்கு வால் மொளைச்சிருக்குது. வால் நுனியில பஜ்ஜி வாசம் வருது."

மூச்சு இல்லாத தண்ணி

தொண்டூர் பக்கம் ஒரு குளம். பாட்டில்ல தண்ணி மொண்டு மேடம் மருந்து ஊத்துனாங்க. கலர் மாறணும். மாறல. மேடம் மூஞ்சிதான் மாறுச்சு. "இதுல ஆக்சிஜனே இல்லண்ணே"ன்னாங்க. அப்பதான் பாக்கறேன், ஓரமா மீனுங்க எல்லாம் வயித்தைக் காட்டிக்கினு மெதக்குது. அந்தத் தண்ணியிலதான் நான் சித்த முன்னாடி மூஞ்சி கழுவி, வாய் வேற கொப்புளிச்சேன்! மாடு ஓட்டிக்கினு வந்த பெரியவர்கிட்ட பதறிப்போய்ச் சொன்னேன். அவரு பதறவே இல்ல.

"கொரோனா அப்ப மனுஷனுக்கே ஆக்சிஜன் கெடைக்கல. குளத்துக்கு எவன்யா தூக்கிக்கினு வருவான்?"

கண்ணு தொறந்த கல்லு

"நம்ம ஏரிக்கு எப்பய்யா வருவீங்க?"ன்னு செல்வி தெனமும் நச்சரிச்சா. அதுக்கு முன்னாடி சீயமங்கலம் போற வழியில ஒரு பாறைக்குன்று பாக்கி இருந்துச்சு. பழைய மேப்புல அதை 'ஒண்ணுமில்லாத தரிசு'ன்னு போட்டிருந்தாங்க. சரி, ஒண்ணுமில்லாத எடத்துல நிம்மதியா சோறாவது துன்னலாம்னு டிபன் பாக்ஸைத் தொறந்தேன். தண்ணி பாட்டிலைப் பக்கத்துக் கல்லு மேல சாய்ச்சு வெக்கப் போனேன். கல்லு கண்ணைத் தொறந்துச்சு! ஆரஞ்சுப் பழமாட்டம் ரெண்டு கண்ணு, தலையில ரெண்டு கொம்பு. லெமன் சாதம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உருண்டோம். "ஆந்தைண்ணே, ஆந்தை! நகராதீங்க!"ன்னு மேடம் குதிக்கறாங்க. நானு ஏற்கெனவே நாலு பாறை கீழ கெடக்கறேன். ஆடு மேய்ச்சுக்கினு இருந்த அக்கா ஒருத்தங்க மேலேந்து சத்தம் போட்டாங்க:

"இன்னாத்துக்குக் கத்தற? நீதான் அதும் வீட்டு வாசல்ல குந்திக்கினு சோறு துன்னுற."

மொட்டை அடிச்ச தெரு

"நாளைக்கு நம்ம ஏரிதான்"னு செல்விகிட்ட சொன்னேன். "கோரையைப் பாத்துத்தானே கோடு போடுவீங்க?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. காலையில மேடத்தோட போறேன், எங்க தெருவே திருப்பதி போய்வந்த தலையாட்டம் இருக்குது. இடுப்பு ஒசரம் நின்ன கோரை, ஒண்ணு இல்ல! ஊரே சேந்து புடுங்கிப் போட்டிருக்குது. பக்கத்து வீட்டு அந்தோணி மண்வெட்டியோட பல்லைக் காட்டிக்கினு நிக்கறான். "இன்னா மச்சான், ஏரி தூரமா போயிடுச்சு போல!" மேடம் தலையில கை வெச்சுக்கினாங்க. "இல்லாத புல்லை நான் எப்படிண்ணே மேப்புல போடறது?"

எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அப்டியே எங்க வாசலுக்கு வந்தேன். குளுகுளு போச்சு. ரோட்டோரப் பள்ளத்துல ஜம்முனு ஒரு கொத்து கோரை! தெருவுக்கே மிச்சம் அது ஒண்ணுதான். அதைச் சுத்தி நடந்தா, ஏரிக்கும் அதுக்கும் நடுவுல நிக்கற எங்க வீடு மட்டும் முழுசா ஏரிக்குள்ள. "அடிப்பாவி! ஊர் புல்லை எல்லாம் புடுங்கிட்டு நம்ம வாசல்ல உட்டு வெச்சிருக்கியே, புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு கத்தனேன். செல்வி வாயில வெரலை வெச்சுக் காட்டிட்டு, கோரையை மெல்ல ஒதுக்குனா. உள்ள வெள்ளை மூஞ்சிக் கானாங்கோழி ஒண்ணு குந்தியிருந்துச்சு. பறக்கல, அசையல, என்னையே மொறைச்சுக்கினு இருந்துச்சு.

"புடுங்கத்தான்யா போனேன். முட்டை மேல உக்காந்துக்கினு இருக்குது. எழுந்து போடின்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது? நம்மள எவனாவது அப்டிச் சொல்லிடுவானோன்னுதானே நாம தூக்கமில்லாம கெடக்கறோம்."

கோரையைச் சுத்தியே நான் நடந்து முடிச்சதுல, நாட்டு மேப்புல இப்ப நானும் செல்வியும் கானாங்கோழி குடும்பத்தோட ஏரிக்குள்ளதான் குடியிருக்கறோம், ஆனா கரண்ட் பில்லு மட்டும் கரையில இருக்கற மனுஷனுக்கு வர்ற மாதிரியே கரெக்டா வருது.