மூன்று பெடல்களும் என் காதும்

என் கிட்டாருக்கான பழைய பச்சைப் பெடலின் பொத்தான் மக்கர் செய்யத் தொடங்கியதால்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் தெரியாமலே ஓட்டியிருப்பேன்.

காரைக்குடியில் எனக்கு இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் கடை. அது பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து வந்தேன். அது ஆசை. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று இந்த வட்டாரத்தில் நாங்கள் ஏறாத மேடை குறைவு. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். அதை மிதித்தால், மணிபோல ஒலித்துக்கொண்டிருந்த தந்தி கரகரத்து, தொண்டை கட்டிய ஒருவன் உருகிப் பாடுவதுபோல் மாறிவிடும். அந்தக் கரகரப்பை எவ்வளவு கூர்மையாக, எவ்வளவு மழுங்கலாக வைப்பது என்பதற்கு அதன்மேல் ஒரு குமிழ் இருக்கும்.

சமீப காலமாக எனக்குக் கச்சேரி குறைந்திருந்தது. குழுவை நடத்துபவன் தேவகோட்டைக்காரன், என் பழைய கூட்டாளி, கீபோர்டு வாசிப்பவன். கேட்டால், "இப்பல்லாம் ரெக்கார்டு டிராக்கப் போட்டுப் பாடிட்டு இறங்கிர்றாக மாப்ளே" என்பான். நம்பினேன். ஆனால் மனசுக்குள் கசப்பு இருந்தது. பச்சைப் பெடலும் மக்கர் செய்யவே, நல்ல புதுப் பெடல் ஒன்றை வாங்கி, அவன் தேடி வந்து கூப்பிடும்படி வாசிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் மதுரைக்குப் போய் மஞ்சளில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக எடுத்து வந்தேன். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் மாடியறையில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். மூன்றிலும் குமிழைப் பச்சையில் நான் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்து, ஒரே மெட்டை ஒவ்வொன்றிலும் வாசித்தேன். பச்சைக்கும் மஞ்சளுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நீலம் மட்டும் போர்வையைப் போட்டு மூடியதுபோல் மங்கலாகக் கேட்டது. சரி, மஞ்சளையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்த நேரத்தில் என் மனைவி படியேறி வந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். கீழே உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள்.

"அந்த மஞ்சப் பெட்டிய மட்டும் போடாதீக. பல்லு கூசுது."

"பச்சைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். "நான் அங்குட்டுத் திரும்பிக்கிறேன். எதை வேணாலும் மிதிங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் மாற்றி மாற்றி மிதித்தேன். ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள். பாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவள். எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப நீங்க திரும்புங்க" என்றாள். நான் கிட்டாரோடு திரும்பிக்கொண்டு வாசித்தேன். அவள் கையால் பெடல்களை அமுக்கினாள். நீலத்தை மட்டும்தான் என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. மற்ற இரண்டிலும் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். பாதிக்கு மேல் தப்பு.

அவள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து பச்சைப் பெட்டியைப் பார்த்தாள். "இந்தக் குமிழ எதுக்குக் கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கீக?"

கூர்மையைக் கூட்டும் குமிழ் அது. வாங்கிய புதிதில் நடுவுக்கும் கொஞ்சம் கீழே வைத்து வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எப்போது இவ்வளவு தூரம் வந்தது? வேறு யாரும் திருகவில்லை. நான்தான் ஒவ்வொரு கச்சேரியிலும் போதவில்லை, போதவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருகியிருக்கிறேன்.

மதுரையில் காது டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கருவியை இயக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஒழுங்காக அமுக்கிக்கொண்டு வந்தேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. இடைவேளை விடுகிறார்கள் போலிருக்கிறது என்று சும்மா இருந்தேன். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கை நிற்காமல் இயங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மேல் சுருதிச் சத்தங்கள் இரண்டு காதிலும் பெரும்பகுதி போய்விட்டன, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். "மேடையில எங்க நிப்பீங்க?" என்று கேட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கருக்கு முன்னால் என்றேன். எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார்.

மேடைக்கு மைக் செட் போடும் ரேடியோ செட்காரர் ஒருவர் முன்பு எப்போதோ பஞ்சுபோன்ற காதடைப்பானை நீட்டி, "போட்டுக்கங்க தம்பி, டிரம்ஸ்காரருகூடப் போட்டிருக்காரு" என்று சொன்னது பஸ்ஸில் திரும்பும்போது நினைவுக்கு வந்தது. காதை அடைத்துக்கொண்டு என்னத்தை வாசிப்பது என்று அப்போது சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் தேவகோட்டைக்குப் போய்க் கூட்டாளியிடம் சொன்னேன். அவன் கீபோர்டை அணைத்துவிட்டுச் சொன்னான்.

"டிராக்குன்னு சொன்னதெல்லாம் சும்மாதான் மாப்ளே. வேற ஒரு பயல வச்சு வாசிச்சுக்கிட்டு இருக்கோம். ஓன் கிட்டாரு ஊசியா எறங்குது. பாடுற புள்ள ஓம் பக்கத்துல நிக்க மாட்டேன்னுருச்சு. மொத வரிசையில சனம் எந்திரிச்சுப் பின்னாடி போகுது."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்கிட்ட எப்டிடா சொல்றது? நம்ம குழுவுல எல்லாருக்கும் சுதி சேத்து விடுறதே நீதான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னுல்ல இருந்தோம். நம்ம காதுலதான் கோளாறுன்னு நானே கொஞ்ச நாளு நெனச்சேன்."

போனை எடுத்து, காளையார்கோவில் திருவிழாவில் நான் கடைசியாக வாசித்த பாட்டைப் போட்டுக் காட்டினான். எனக்கு அது இனிமையாகத்தான் கேட்டது. நல்லாத்தானே வாசித்திருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். கிட்டார் வரும் இடத்தில் அவன் கண்களைச் சுருக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் நான் பாட்டைக் கேட்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீலத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு மங்கலாகக் கேட்டதுதான் மற்றவர்களுக்கு நல்ல சத்தம். ஒரு நாள் கூட்டாளி வீட்டுக்கு வந்தான். அவனும் மனைவியும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் கொறைங்க, இன்னும் கொஞ்சம், ஆங், அங்கனயே விடுங்க" என்று சொல்லச் சொல்லக் குமிழ்களைத் திருகினேன். அவை நகராதபடி மனைவி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டினாள்.

பிறகு கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். ஹோட்டலாக மாற்றிய பெரிய வீட்டின் முற்றத்தில், மாலை வரவேற்புக்கு வாசித்தோம். காதடைப்பான் போட்டிருந்தேன். பாடுகிற பெண் என் பக்கத்திலேயே நின்று பாடினாள். பெண் வீட்டுக்காரர் ஒருவர் மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிட்டாரு அப்டியே கொழையுதுங்க. ரொம்ப நாளைக்கப்புறம் இப்டிக் கேக்கேன்."

நன்றி சொன்னேன். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. என் விரல்கள் போகும் இடம் தெரியும், தந்தி அதிர்வது தெரியும். அந்தக் குழைவு எப்படி இருந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டுதான் வாசித்தேன். கடைசியாக முழுசாகக் கேட்டது எந்த மேடையில், எந்தப் பாட்டில் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்கு அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டேன். பந்தியில் இலை போட்டிருப்பார்களா, வீட்டுக்குப் போக பஸ் இருக்குமா என்று நினைத்துக்கொண்டு வாசித்திருப்பேன்.

இப்போது மாதம் ஒன்றிரண்டு கச்சேரிக்குக் கூப்பிடுகிறான். போகிறேன். சுருதி சேர்க்கும் வேலையை மட்டும் எனக்குப் பதிலாக வாசித்துக்கொண்டிருந்த அந்தப் புதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். முதல் நாள் அவன் தயங்கினான். "அண்ணே, நீங்க ஒருவாட்டி கேட்டுச் சொல்லிருங்களேன்" என்றான். வேண்டாம் தம்பி, உனக்குச் சரியென்று பட்டால் சரி என்றேன்.