துண்டுக்கு அடியில் ஒரு கணக்கு

பக்கத்து அறையிலிருந்து இரண்டாம் வாய்ப்பாடு கேட்டது. நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் "மூணு ரெண்டு ஆறு" என்று முடித்ததும், கொஞ்சம் பிந்தி, "ஆ... ஆ..." என்று ஒரு குரல் தனியாக எழுந்தது. வார்த்தை இல்லாத குரல். கூச்சமும் இல்லாத குரல். மற்றவர்கள் வாய் திறப்பதைப் பார்த்துத் தானும் திறந்து, மற்றவர்கள் மூடிவிட்டதைக் கண்ட பிறகு தானும் மூடிக்கொண்டது.

தலைமையாசிரியர் வியாகுலம் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"கேட்டீகளா டீச்சர்?"

எதிரே நின்ற இன்பமேரிக்கும் கேட்டது. அது அவளுடைய வகுப்பு. வகுப்புத் தலைவி வின்சியை வாய்ப்பாடு சொல்லவைத்துவிட்டு, கூப்பிட்டார் என்று வந்து நிற்கிறாள். அந்தத் தனிக்குரல் பாண்டீஸ்வரியுடையது. ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது.

"பதினெட்டாந் தேதி ஏ.இ.ஓ. பள்ளிக்கூடத்தைப் பாக்க வாராரு. இன்னும் ரெண்டு வாரம் முழுசா இல்லை. அன்னைக்கு ஒரு நாளு அந்தப் புள்ளைய வீட்டுலயே வச்சுக்கிறச் சொல்லிப்புடுங்க."

"வருகைப் பதிவுல கேட்டாருன்னா?"

"காய்ச்சல்னு சொல்லுங்க. நீங்க சொல்லாததா?"

இன்பமேரிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லையே.

கண்டரமாணிக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கு இன்பமேரி வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. வலையபட்டியில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் சாலமனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "எனக்கு வருஷத்துக்கு நாப்பது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அந்த நாற்பதில் ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேருக்கு, அதிகாரி வருகிற நாளில் காய்ச்சல் வரும். எழுத்து ஏறாதவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள், ஓரிடத்தில் உட்காராதவர்கள். எல்லாப் பள்ளியிலும் அதுதான் வழக்கம். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. இன்பமேரியும் நினைக்கவில்லை, அழகியின் விஷயம் நடக்கும் வரை.

அழகி நாலாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பெண். எண்பத்தொன்பதாம் வருஷம் அவளிடம், "நாளைக்கு மட்டும் வீட்டுல இருந்துக்க தாயி" என்று இன்பமேரி சொன்னாள். அழகி மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாலு நாள் கழித்துப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அரைப் பரீட்சை வேலையில் விட்டுப்போயிற்று. இப்போது அழகி கட்டட வேலையில் சித்தாள். பேருந்து நிறுத்தத்தில் எதிர்ப்பட்டால் சும்மாட்டை எடுத்துவிட்டு வணக்கம் சொல்வாள். இன்பமேரி கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தால், "இன்னைக்குப் பெரிய ஆபீசர் வாராகளா டீச்சர்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் குத்தல் ஏதும் கிடையாது. இருந்திருந்தால் இன்பமேரி தாங்கிக்கொண்டிருப்பாள்.

பாண்டீஸ்வரி ஜூன் மாதம் வந்து சேர்ந்தபோது இன்பமேரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். முன் வரிசையில் உட்காரவைத்து, உரக்கச் சொல்வது. தொண்டை நரம்பு புடைக்கப் புடைக்க, "எட்டு! எட்டு!" என்று நாலு மாதம் கத்தினாள். டீச்சர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று எண்ணி அந்தப் பிள்ளை அழும். பக்கத்தில் இருக்கும் வின்சி பாவாடை நுனியால் துடைத்துவிடுவாள். சிலேட்டில் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதுவாள் பாண்டீஸ்வரி. அந்த எண் எத்தனையைச் சொல்கிறது என்பது மட்டும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று இன்பமேரி முடிவு கட்டியிருந்தாள்.

வியாகுலம் கூப்பிட்டுச் சொன்ன அன்று சாயங்காலம், பதினெட்டாம் தேதி பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அவள் பாண்டீஸ்வரியின் அப்பா செம்மலையின் வீட்டுக்குப் போனாள். செம்மலை மாட்டுத் தரகர். அன்று சந்தை நாள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருடைய வலது கைகளும் ஒரு மஞ்சள் துண்டுக்கு அடியில் இருந்தன. துண்டு அசைந்தது. பாண்டீஸ்வரி முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினாள். மறுபடி அசைந்தது. அவள் சிரித்துவிட்டுக் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினாள்: 36.

"வாங்க டீச்சர். என்ன இம்புட்டுத் தூரம்?" என்று செம்மலை எழுந்தார்.

"அது என்ன, சுவத்துல?"

"சந்தையில இன்னைக்கு நான் கைமாத்திவிட்ட உருப்படி டீச்சர். காலையில இருபத்தொண்ணு, மத்தியானம் பதினஞ்சு. சந்தை நாளுன்னா கேக்கும். சொல்லலைன்னா சோறு திங்காது."

"நீங்க கூட்டிச் சொன்னீகளா?"

"நான் ரெண்டையும் தனித்தனியாத்தான் சொன்னேன். கூட்டுனது அது."

துண்டுக்கு அடியில் நடப்பதை அவர் விளக்கினார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. விரலை மடக்கிப் பிடித்தால், மடக்கிய ஒவ்வொன்றும் பத்து. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவே உள்ள பேச்சு சுற்றி நிற்கும் ஆட்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் துண்டு.

"ஊருக்கு ஒரு பிடி உண்டு. இது எங்க பிடி."

அவர் மனைவி ஒச்சம்மாள் உள்ளேயிருந்தே சொன்னாள்: "பொட்டப்புள்ளைக்குத் தரகு படிச்சுக் குடுக்கிறாரு டீச்சர். நாளைக்கு இது எந்தச் சந்தையில போயி நிக்கப்போகுதோ."

"ஒன்னைய மாதிரி வெலை கேக்காம வாங்கிட்டு வராதுல்ல" என்றார் செம்மலை.

இன்பமேரி கையை நீட்டினாள். பாண்டீஸ்வரி அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேலும் போர்த்தினாள். சின்ன விரல்கள் டீச்சரின் மூன்று விரல்களைப் பிடித்தன. நாலு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது வீண் என்று இன்பமேரிக்கு அப்போது விளங்கியது. அழவில்லை. வந்த காரியத்தைச் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு துண்டு போயிற்று. சாலமனுடையது.

"நான் குளிச்சிட்டு எதைக் கட்டுறது?" என்று அவர் கேட்டார்.

"பழைய வேட்டியைக் கிழிச்சுத் தாரேன்."

"பள்ளிக்கூடத்துக்குப் புருசன் துண்டைக் கொண்டுபோற டீச்சர் இந்த வட்டாரத்துல நீ ஒருத்திதான்."

பத்து நாளில் நாற்பது பிள்ளைகளும் பிடி கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தவள் பாண்டீஸ்வரி. தப்பாகப் பிடித்தவன் மண்டையில் ஒரு குட்டு வைத்துத் திருத்துவாள். வகுப்பில் எப்போதும் தூங்கி வழிகிற செல்வம் கூட விழித்திருந்தான். வாய்ப்பாடும் நடந்தது, ஆனால் பாதி நேரம் வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. அதுதான் வியாகுலத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி காதால்தான் பள்ளியை நடத்துகிறவர். ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வகுப்பு தூங்குதா?"

"கணக்குப் போடுறாக சார்."

"துண்டுக்கு உள்ளயா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். துண்டை எடுத்துவிட்டு வெறும் கையில் செய்யலாம் என்று இன்பமேரிக்கும் தோன்றியிருந்தது. ஆனால் பிள்ளைகளுக்குத் துண்டுதான் ஆசை. மூடி வைத்த பேச்சில் இருக்கிற ருசி. விட்டுவிட்டாள். இதில் அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

பதினெட்டாம் தேதி பாண்டீஸ்வரி தலை வாரி, கனகாம்பரம் வைத்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். வியாகுலம் அவளைப் பார்த்தார், பிறகு இன்பமேரியைப் பார்த்தார். பேச நேரமில்லை. ஏ.இ.ஓ. படியேறிவிட்டார்.

அவர் நல்ல மாதிரியான மனிதர்தான். அதட்டவில்லை. மூன்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு நாலாவதாகப் பாண்டீஸ்வரியிடம் வந்தார்.

"எட்டும் ஏழும் எத்தனைம்மா?"

பாண்டீஸ்வரி அவர் வாயைப் பார்த்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது சார். பக்கத்துப் பிள்ளை கேட்டுச் சொல்லும்" என்றாள் இன்பமேரி. வின்சி துண்டை எடுத்துப் போர்த்தினாள். துண்டு இரண்டு முறை அசைந்தது. பாண்டீஸ்வரி சிலேட்டில் 15 என்று எழுதி உயர்த்திப் பிடித்தாள்.

அதிகாரி துண்டைப் பார்த்தார். "உள்ள என்ன நடந்துச்சு?"

"கேள்வியைச் சொன்னா சார்."

"கேள்வியைச் சொன்னாளா, பதிலைச் சொன்னாளா? எனக்கு எப்படித் தெரியும்?"

இன்பமேரி சட்டென்று துண்டை இழுத்தாள். "இப்பக் கேளுங்க சார். துண்டு வேண்டாம்." ஆனால் வெறும் கையில் வின்சி விரலைப் பிடித்ததும் பாண்டீஸ்வரிக்கு வெட்கம் வந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பார்க்கிறது, புது ஆள் பார்க்கிறார். மூடாத கையில் பேச அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கையை உருவிக்கொண்டு தலை குனிந்தாள். அதிகாரி பொறுமையாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த வரிசைக்குப் போனார். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: மாணவிக்கு விடை மறைவாகத் தெரிவிக்கப்படுகிறது.

மூன்றாம் நாள் மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், வியாகுலம் இன்பமேரியின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படிவம். சாலமன் நாற்காலி போட்டார். காபியை வாங்கிக்கொண்டு அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மதுரையில காது கேக்காத புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. ஆஸ்டலும் இருக்கு. செம்மலைகிட்டப் பேசிட்டேன். டீச்சர் எழுதிக் குடுத்தா சரிங்கிறான். வகுப்பாசிரியர் குறிப்புல ஒரு வரி எழுதிருங்க. இங்க படிக்க வராதுன்னு. டிசி குடுத்துருவோம்."

"வராதுன்னு எழுதவா சார்?"

"எழுதுனாத்தான குடுக்க முடியும். ஏ.இ.ஓ.வே எழுதிட்டாருல்ல. எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம். அதை நிம்மதியாக் கழிச்சிக்கிறேன், விடுங்க."

"மதுரைக்கு அனுப்புறது நல்லதுன்னா அவுக அப்பா அனுப்பட்டும். நானே கூடப் போயி விட்டுட்டு வாரேன். ஆனா வராதுன்னு எப்படி எழுத?"

"ஒரு வரி டீச்சர். பதினேழு வருசமாக் காய்ச்சல்னு எழுதலையா?"

சாலமன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்பமேரி படிவத்தை வாங்கி, மேசை விளிம்பில் வைத்து எழுதினாள். நிறுத்தி நிறுத்தி, சிலேட்டில் எழுதுகிற பிள்ளை மாதிரி எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வியாகுலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். 'ஈரிலக்கக் கூட்டல் மனக்கணக்காகவே செய்கிறாள். பேச்சின்றிக் கற்பிக்க வேண்டும். இவ்வகுப்பில் தொடரலாம்.'

"இதை வச்சு நான் என்ன பண்ண?"

"திங்கக்கிழமை வகுப்புக்கு வாங்க சார். துண்டு இல்லாம நீங்களே கேளுங்க. இப்பத்தான் வெட்கம் கொஞ்சம் போயிருக்கு. ரெண்டு நாளா அதைத்தான் பழக்கிட்டு இருக்கேன்."

"பதில் வரலைன்னா?"

"அடுத்த திங்கக்கிழமை வாங்க."

"மெமோ வரும் டீச்சர். எனக்கு இல்லை. உங்களுக்கு."

"வரட்டும் சார்."

அவர் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். படிவத்தைக் கிழிப்பார் என்று சாலமன் எதிர்பார்த்தார். வியாகுலம் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்தார்.

"திங்கக்கிழமை முதல் மணிக்கு எனக்குச் சம்பளப் பட்டியல் வேலை இருக்கு. ரெண்டாவது மணிக்குத்தான் வர முடியும்" என்றார்.

"சரிங்க சார்."

படியிறங்கி அவர் தெருமுனை திரும்பும் வரை இன்பமேரி வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.