அடிச்சோற்று மரியாதை

நம் ஊரில் தெருவில் நெய் மணந்தால் எந்த வீட்டில் கலியாணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பினாங்குக்கு வந்த புதிதில் அந்த வாசனையை நம்பி நான் நன்றாக ஏமாந்தேன். இங்கே உச்சிவேளை வந்தால் போதும், எல்லாத் திசையிலிருந்தும் நெய்ச்சோறு மணக்கும். விசேஷம் மட்டும் எங்குமே இருக்காது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் போனால் நம் கடற்கரை முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டுச் சோற்றுப் பானையைத் தூக்கி வருவார்கள். அடுத்த சந்தில் மலாய்க்காரர் வீட்டில் ரம்பை இலை போட்ட நாசி மின்யாக், அது அவர்கள் நெய்ச்சோறு. சரக்குக் கிட்டங்கி வாசலில் வடநாட்டுக் காவல்காரர் பட்டாணி சேர்த்துப் புலாவு கிளறிக்கொண்டிருப்பார். அரிசி, நெய், இறுக மூடிய மூடி என்று பார்த்தால் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாம். முகச்சாடை கூட ஒன்றுதான். ஆனால் ஒரு வீட்டு வழக்கம் இன்னொரு வீட்டில் செல்லாது. இது தெரியாமல் போனதால் என் மனைவி மரியா காரைக்காலிலேயே தங்கிவிட இருந்தாள்.

கலியாணமான கையோடு நான் கப்பல் ஏறியவன். துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. மரியாவின் அண்ணன் சவரிமுத்து மச்சான் எனக்கு முன்பே இங்கு வந்தவர். அவரும் நானும் இன்னும் நாலைந்து தனிக்கட்டைகளும் ஒரு கடை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பெண்ணை அந்த மாடிக்கா அனுப்புவது என்று மாமனார் கேட்டுவிட்டார். தனி வாசல், தனி அடுப்படி உள்ள வீடாக இருக்க வேண்டும். அதை மச்சான் தம் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் பெண் கப்பல் ஏறுவாள். இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடு லேசில் கிடைக்குமா? மரியாவின் முகம் எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தேடினேன்.

கடைசியில் ஆர்மீனிய விதவை ஒருவரின் வீட்டுப் பின்கட்டு காலியாக இருப்பதாகத் தெரிந்தது. அவரை எல்லாரும் மேம் என்றே அழைப்பார்கள். அவருடைய முன்னோர் பாரசீகத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். வயதானவர், தனியாள், நம்மைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர். இரண்டு அறை, கிணறு, அடுப்படி, பின்சந்தில் தனி வாசல். பார்த்ததுமே மரியா அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதாக நினைத்துக்கொண்டேன். மேமுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கூட உட்கார்ந்து சாப்பிடாதவர்களுக்கு அவர் வீடு விடுவதில்லை. பெண்ணின் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

இங்கே மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர்தான் என்றாலும் சமையலில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் உறவுக்காரர் கலியாணம் என்றால் நெய்ச்சோற்றுத் தேக்சாவுக்குப் பக்கத்தில் அவரைத் தவிர ஒருவரும் நிற்கக் கூடாது. தணலை எப்போது தள்ளுவது, எப்போது மூடிமேல் போடுவது என்பதெல்லாம் அவருக்கு மூச்சு விடுவது போல. பந்தி முடிந்ததும் காலித் தேக்சாவைக் கவிழ்த்துக் காட்டுவார். அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருக்காது. என் மாமியார் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

பூசை முடிந்து நேரே மேம் வீட்டுக்குப் போனோம். மேசைமேல் சோறு வந்தது. நீள நீளமான அரிசி, வெண்ணெய், உலர்ந்த திராட்சை, மேலாகக் குங்குமப்பூ. இதற்குப் பிலாவு என்று பெயர் என்றார். மச்சான் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துத் தலையசைத்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் மேம் ஓர் இரும்புக் கரண்டியை எடுத்துச் சட்டியின் அடியைச் சுரண்டினார். அந்தக் கரகர சத்தம் நமக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு கொல்லையில் கேட்கிற சத்தம் அது. சிவந்து கெட்டித்துப்போன அடிச்சோற்றைப் பெரிய வில்லையாகப் பெயர்த்தெடுத்து, அத்தனையையும் மச்சான் தட்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் கையை இழுத்துக்கொண்டார்.

"மாப்புளே, எந்திரி. நம்ம வூட்டுல கோழிக்குப் போடுறத எனக்கு வைக்குது இந்த அம்மா. எந்தங்கச்சி இந்த வூட்டுல குடியிருக்க வேணாம்லா."

தமிழ் தெரியாவிட்டால் என்ன, அவர் முகத்தைப் படிக்க மொழி எதற்கு? மேம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, பின்கட்டை யாருக்கும் விடுவதாக இல்லை என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு மச்சான்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் ஆபீசில் பக்கத்து மேசைச் சீனரிடம் புலம்பினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் வீட்டிலும் அந்த அடிச்சோற்றுக்குத்தான் சண்டையாம். பாட்டனாருக்குப் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு என்றார். சட்டென்று எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மேம் தமக்கென்று ஒரு துண்டு கூட வைத்துக்கொள்ளவில்லை. அவமானப்படுத்துகிறவர் எதற்காக அத்தனையையும் வாரிக் கொடுக்க வேண்டும்?

சாயங்காலமே மேம் வீட்டுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், நேற்று நடந்தது கோபமல்ல, எங்கள் நாட்டு வழக்கம் வேறு என்று விளக்கினேன். உங்கள் நாட்டில் அடிச்சோறு யாருக்குப் போகும் என்று கேட்டார். மழுப்பத் தெரியாமல் கோழிக்கு என்று சொல்லிவிட்டேன். மேம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அப்படியானால் வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மச்சான் இங்கு வந்து சமைக்கட்டும், என்னைக் கோழியாக நினைத்து விருந்து வைக்கட்டும், பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம் என்றார்.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். சமைப்பது பெரிதில்லை, வேண்டுமென்றே அடிபிடிக்க விடுவதா? ஊரில் தெரிந்தால் தலைகாட்ட முடியுமா என்றார். நான் மரியாவின் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால், நெய் எல்லாம் கைப்பழக்கத்தில் ஒழுங்காகப் போயின. தணலைத் தள்ள வேண்டிய நேரம் வந்ததும் கை தானாக இடுக்கியை எடுத்தது. நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அடியிலிருந்து மெல்லப் பொரிகிற சத்தம் வந்தது. பிறகு வாசனை. பிணத்தருகே நிற்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிச்சோற்றை அவரே பெயர்த்து மேம் தட்டில் வைத்தார். மேம் ஒரு துண்டைக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார். நெய்யும் தேங்காயும் அருமை என்றார். ஆனால் ஓரம் தீய்ந்துவிட்டது, தணலைச் சுற்றிப் பரப்பத் தெரியவில்லை என்று குறையும் சொன்னார். தேக்சாவைக் கவிழ்த்துக் காட்டுகிற சவரிமுத்துவுக்குத் தணல் பரப்பத் தெரியவில்லையாம்! மச்சானின் காது சிவந்ததை நான் பார்த்தேன். மேம் எழுந்துபோய்ப் பின்வாசல் சாவியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரம் பாருங்க மேம், ஓரம் தீயாது" என்றார் தமிழில். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் வந்து மேமோடு போட்டிபோட்டுச் சோற்றை அடிபிடிக்கவைக்கத் தொடங்கிவிட்டார்.

மரியா வந்து இறங்கிய அன்று மச்சான்தான் சமைத்தார். தாலிகட்டிய பிறகு நான் கண்ணாரக் காணாத முகம் என் எதிரே உட்கார்ந்திருந்தது. மச்சான் பொன்னிறமான வில்லை ஒன்றைத் தங்கையின் தட்டில் பெருமையாக வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

"ஏண்ணே, இங்க கோழி வளக்கறதில்லியா?"

நான் அதை மேமுக்கு மலாயில் சொன்னேன்; மேமும் நாங்களும் சிரித்த சிரிப்பு அவளுக்கு அன்று புரியவில்லை.

போன வருஷம் லீவில் காரைக்காலுக்குப் போயிருந்தோம். மாமியார் நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். மகன் இல்லாத அடுப்பு, கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. அதை எங்கள் கண்ணில் படாமல் மறைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. என் நாவில் எச்சில் ஊறியதும் மரியாவுக்குத் தெரிந்தது. பரிமாறுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் என் இலையில் வெள்ளை வெளேரென்று சோற்றைக் குவித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தாள். கிளறினால் அடியில் ஒரு துண்டு, ஓரம் தீயாமல் சிவந்திருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். எதிரே மாமியார் விசிறியோடு உட்கார்ந்து, பினாங்கில் இந்த மாதிரிச் சோறு கிடைக்குமா மாப்பிள்ளை என்று கேட்டார். கிடைக்காது என்று தலையாட்டிவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் மெல்ல மெல்லக் கடித்தேன்.