எடை தெரியாத கூடை

டென்மார்க்கில் யாருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, ஜெர்மனியில் யார் வீடு மாறினார்கள் என்பதெல்லாம் கஸ்தூரிக்கு அத்துப்படி. கடை மாடியை விட்டு இறங்கி எதிர்க்கடையில் ஒரு டீ குடிக்கத்தான் நேரமில்லை. 2005-ஆம் வருஷம் அவளைத் தேடிப்போன யாரும் கம்ப்யூட்டர் முன்னால்தான் பார்த்திருப்பார்கள். கீழே சன்னதித் தெருவில் பௌர்ணமிக் கூட்டம் நெரியும். மேலே இவள், 'ஐயா, நீங்கள் கேட்ட கல் லிங்கம் நாலு கிலோ இருக்கிறது, தபால் செலவு இன்னும் கொஞ்சம் அனுப்ப வேண்டும்' என்று இங்கிலீஷில் தட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஆள் கோபித்துக்கொண்டு பதில் போடுவான். அதற்கு இவள் மன்னிப்புக் கேட்பாள். இப்படியே பொழுது சாய்ந்துவிடும்.

இந்த வம்பை வேறு யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளே ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள்.

கடை அவள் புருஷன் சக்திவேலுக்கும் அவன் அண்ணன் ராஜேந்திரனுக்கும் பொது. ருத்ராட்சம், ஊதுபத்தி, விபூதி, பித்தளை விளக்கு, கல் லிங்கம் எல்லாம் விற்கிற கடை. பொது என்பது பேருக்குத்தான். எந்த ஊதுபத்தி எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் ராஜேந்திரன் வைத்ததுதான் சட்டம். சக்திவேல் தங்கமான மனுஷன், ஆனால் அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கஸ்தூரியும் எல்லாவற்றுக்கும் "சரிங்க மாமா"தான்.

குளிர்காலத்தில் ஆசிரமங்களில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், ஊர் திரும்பிய பிறகும் ஊதுபத்தி அனுப்ப முடியுமா, விளக்கு அனுப்ப முடியுமா என்று மெயில் போட்டார்கள். பி.காம். படித்த கஸ்தூரிதான் பதில் எழுதினாள். இன்டர்நெட்டிலேயே ஒரு கடை வைத்துவிடலாம் என்று 2002-இல் பேச்செடுத்ததும் அவள்தான். அதற்கு ஷாப்பிங் கார்ட் சாஃப்ட்வேர் என்று ஒன்று வேண்டும். வாங்குகிறவர் படத்தைப் பார்த்துச் சாமானைக் கூடையில் போட்டால், அது கணக்குக் கூட்டி, பணத்தை வாங்கி, இன்னாருக்கு இன்னது அனுப்பு என்று நமக்குச் சொல்லும்.

எந்தக் கூடை என்பதில்தான் தகராறு. ஊரை ஒட்டின வேங்கிக்காலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ராமதாஸ், ராஜேந்திரனின் கூட்டாளி. "ஃப்ரீயாவே ஒண்ணு கிடைக்குதும்மா. நான் ஏத்திக் குடுத்துடறேன். எது மாத்தணும்னாலும் ஒரு போன் போடுங்க, நான் மாத்திடறேன்" என்றான். இன்னொன்று பெங்களூர்க் கம்பெனிக்காரனுடையது. மாச வாடகை, மூன்று வருஷ ஒப்பந்தம். ஆனால் விலையோ படமோ, கஸ்தூரியே உட்கார்ந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ராமதாஸுக்குப் போன் போட வேண்டும் என்ற பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் ராஜேந்திரனைக் கேட்காமல் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? கீழேதான் அவர் ராஜ்யம் என்றால், இன்டர்நெட்டிலுமா? பெங்களூர்க்காரனுடையதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ராஜேந்திரன் தலையைச் சொறிந்தார். "நீ ஒண்ணு சொல்ற, ராமதாஸ் ஒண்ணு சொல்றான். நமக்கு இதுல இன்னா தெரியும்? அம்மனையே கேட்டுடலாம்."

அந்தக் குடும்பத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதிலிருந்து பெண் பார்ப்பது வரை எல்லாமே பூப் போட்டுப் பார்த்துத்தான். அடி அண்ணாமலையில் அவர்கள் கும்பிடும் அம்மன் கோயிலுக்குப் போய், ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வருகிற பூதான் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அன்றைக்குச் சிவப்பு என்றால் பெங்களூர், வெள்ளை என்றால் ராமதாஸ். பொட்டலம் கட்டுகிற வேலையை வீட்டில் கஸ்தூரியிடம் கொடுத்தார்கள். எதிரே தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. ஒரு நிமிஷம் யோசித்தாள். இரண்டிலும் அரளியையே வைத்துக் கட்டிவிட்டாள்.

கோயிலில் யார் வீட்டுப் பெண்ணோ ஒரு வாண்டு எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் சிவப்பு! ராஜேந்திரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றப் பொட்டலத்தை முந்தானையில் மறைத்து எடுத்துப்போய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள் கஸ்தூரி. மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமாகி வந்து அவள் நினைத்தபடி நடந்த முதல் காரியம் அதுதான்.

சந்தோஷம் ஒரு மாசம் தாங்கவில்லை. பெங்களூர்க் கூடைக்கு எடை என்பதே தெரியாது! எதை வாங்கினாலும் ஒரே தபால் செலவுதான் போடும். விபூதிப் பாக்கெட் கேட்டவன் தபால் செலவைப் பார்த்து ஓடிப்போனான். கல் லிங்கம் கேட்டவனோ கொண்டாட்டமாக வாங்கினான். போஸ்டாபீஸில் தராசில் வைத்தால்தான் வயிறு எரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரனைக் கேட்டால், அடுத்த வெர்ஷனில் வரும் மேடம், வரும் மேடம் என்று மூன்று வருஷம் ஓட்டினான். ராமதாஸ் சொன்னதில் எடைக்கென்று தனிக் கட்டமே இருந்ததாம்.

விட்டு வந்துவிடலாம் என்றால், சேர்த்து வைத்த வாடிக்கைக்காரர் விலாசங்களை எடுத்துக்கொண்டு வர வழியில்லை. அதைக்கூட ஒவ்வொன்றாகக் கையால் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தாள். வீட்டில்தான் ஒப்பவில்லை. ஒவ்வொரு முறை வாயெடுத்தபோதும் சக்திவேல் பதறுவான்.

"அம்மன் குடுத்த உத்தரவு, கஸ்தூரி. கஷ்டம் ஜாஸ்தியோ கம்மியோ, நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

உத்தரவு கொடுத்தது யார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எப்படிச் சொல்லுவாள்? சாமி காலடியில் பித்தலாட்டம் பண்ணினவள் என்ற பேரோடு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு இறங்குமா? மறுபடி மாடி ஏறினாள்.

ஒப்பந்தம் முடிகிற மாசம் வந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டான் கம்பெனிக்காரன். கஸ்தூரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"மாமா, அம்மன் உத்தரவுல போட்ட ஒப்பந்தம் முடியப்போவுது. திரும்ப ஒரு வாட்டி கேட்டுடலாமா?"

ராஜேந்திரன் யோசித்தார். "நியாயந்தான். நீயே பூவக் கட்டு. உன் கை ராசியான கை."

இந்தத் தடவை இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை. வெள்ளை என்றால் ராமதாஸ்தானே! கட்டி முடித்தபோது, அம்மா தாயே, இதோடு விட்டுவிடு, இனிமேல் ஜென்மத்துக்கும் செய்ய மாட்டேன் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டாள்.

பொட்டலங்களைக் காலடியில் போட்டதும் ராஜேந்திரன் கை கூப்பி உரக்கச் சொன்னார். "தாயே, பெங்களூர்க்காரன்கிட்டயே இருக்கலாம்னா வெள்ளையக் குடு. வேணாம்னா செவப்பக் குடு."

கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா! போன வாட்டி பெங்களூருக்குச் செவப்புதானே வச்சோம்?"

"அது எதுன்னு கேட்ட கேள்வி. இது இருக்கலாமா வேணாமான்னு கேக்கற கேள்வி. நல்ல வாக்குக்கு வெள்ளதான். எந்தப் பூ வந்தா உனக்கு இன்னா?"

கஸ்தூரி விடவில்லை. வேறு பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று குனியப்போனாள். "சந்நிதியில வச்சதத் தொடாதம்மா" என்று தடுத்துவிட்டார் பூசாரி. அதற்குள் ஒரு குழந்தை குடுகுடுவென்று ஓடிவந்து ஒன்றை எடுத்தாயிற்று.

வெள்ளை.

சக்திவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, கஸ்தூரி? நீ மொதல்ல கேட்டதயே ரெண்டு வாட்டியும் சொல்லிட்டா தாயி!"

மற்றப் பொட்டலத்தை அவள் எடுப்பதற்குள் ராஜேந்திரன் எடுத்துவிட்டார். நாரைப் பிரிக்க விரலைக் கொண்டுபோனபோது கஸ்தூரிக்கு உயிரே போய்விட்டது. "வேணாம்னு அம்மன் தள்ளினத நாம எதுக்குப் பிரிக்கணும்?" என்று அப்படியே தம்பி கையில் கொடுத்தார்.

சக்திவேல் நேரே மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் தலையில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தான். பின்னாலேயே போன கஸ்தூரி கையை நீட்டினாள்.

"எடுத்துடாத. அம்மன் பாதத்துல இருந்தது. அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கீழே இறங்கிப் போனான்.

கஸ்தூரி நாற்காலியில் உட்கார்ந்தாள். டென்மார்க் அம்மாள் இரண்டு பெரிய லிங்கங்களைக் கூடையில் போட்டு, ஊதுபத்திக்கும் போடுகிற அதே தபால் செலவோடு பணம் கட்டியிருந்தாள். பொட்டலத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'அன்புள்ள அம்மா' என்று தட்ட ஆரம்பித்தாள் கஸ்தூரி.